தன் கல்லறைக்கு வெள்ளையடித்தவன்

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் பிற்பகல், சம்மனசுத்துறைப் பெண்கள் எல்லாரும் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாகக் கல்லறைத் தோட்டத்தில் குனிந்து நின்ற நேரத்தில், கடலுக்குப் போய்க் காணாமல் போன தொம்மை, போன அன்று கட்டியிருந்த அதே கட்டம் போட்ட சாரத்தோடு வேலிப் படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, அவனுடைய கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி பிரகாசியின் பக்கத்தில் நின்று, "யாருக்கும்மா வெள்ளையடிக்கீங்க?" என்று கேட்டான்.

பிரகாசி நிமிர்ந்து பார்த்தாள். மட்டையிலிருந்து சுண்ணாம்பு அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கு" என்றாள்.

"வெயில்ல நிக்கீங்களே. இங்க கொண்டாங்க" என்று மட்டையை வாங்கி, தன் கல்லறைக்குத் தானே வெள்ளையடித்தான். மூலை முடுக்கு விடாமல், சிலுவையின் முதுகுப்புறம் முதற்கொண்டு அடித்தான். தன் பேர் வெட்டியிருந்த இடத்தில் மட்டும் எழுத்து மூழ்கிவிடாதபடி ஓரமாக ஒதுக்கினான். முடித்துவிட்டு, "நல்ல மனுசரா?" என்று கேட்டான். பிரகாசி வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

கடல் கொண்டுபோனவர்களுக்கு எங்கள் ஊரில் வெறும் பெட்டியைத்தான் புதைப்போம். உள்ளே அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடும் சட்டையை மடித்து வைப்போம். மற்றவர்களின் சிலுவை கோயிலைப் பார்த்து நிற்கும், இவர்களுடையதை மட்டும் கடலைப் பார்த்து நடுவோம், திரும்பி வந்தால் வழி தெரியட்டும் என்று. முப்பாட்டன் காலத்திலிருந்து இப்படி நட்டுக்கொண்டிருக்கிறோமே ஒழிய, ஒருவராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று எங்களில் ஒருவரும் யோசித்து வைத்திருக்கவில்லை. அதுதான் எங்கள் ஊரின் லட்சணம்.

ஆனாலும் யாரும் அலறவில்லை. வருஷா வருஷம் நவம்பர் முழுக்க மரித்த ஆத்துமாக்களுக்காக முழங்காலில் நின்று செபித்துவிட்டு, அதில் ஓர் ஆத்துமா மரியாதையாக நடந்து வரும்போது அலறினால் அது நன்றாகவா இருக்கும்? கோயில் மணியை எப்படி அடிப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. சாவு மணியா, திருநாள் மணியா என்று உபதேசியாருக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டையும் மாற்றி மாற்றி அடித்ததில், கடலில் நின்ற வள்ளங்கள் எல்லாம் வலையைப் பாதியில் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டன. வந்தவர்கள் தொம்மையைப் பார்த்தார்கள், "வந்துட்டியா?" என்றார்கள், அவன் "வந்துட்டேன்" என்றான், அவ்வளவுதான், வலையைக் காயப்போடப் போய்விட்டார்கள்.

ஊர்க் கமிட்டி கூடியது. வந்தவனை எங்கே தங்க வைப்பது என்பது முதல் கேள்வி. பெண்டாட்டி வீட்டில்தான் என்று ஒரு கட்சியும், மரணம் பிரிக்கும்வரை என்றுதானே பீடத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்தார்கள், அதுதான் பிரித்துவிட்டதே என்று மறு கட்சியும் பேசின. பங்குச் சாமியார் ஆயர் இல்லத்துக்குப் போன் போட்டுப் பார்த்தார். அப்படி ஒன்றும் சுற்றறிக்கை வரவில்லை என்று பதில் வந்தது. "நான் படிச்ச குருமடத்துல இதுக்குப் பாடம் இல்ல" என்று அவரும் ஒதுங்கிக்கொண்டார். அதற்குள் தொம்மையே, தனியாக இருக்கிற ஒரு அம்மாவின் வீட்டில் தான் தங்குவது முறையில்லை என்று சொல்லிவிட்டு, வலைக் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டான். நவம்பர் கடைசி நாள் காலையில் போய்விடுவேன் என்றான். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. சாப்பாடு கொண்டுபோனவர்களை எல்லாம் "பசியில்ல" என்று கும்பிட்டுத் திருப்பி அனுப்பினான். தண்ணீர் மட்டும் குடித்தான்.

தொம்மைக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்பது அடுத்த நாளே தெரிந்துவிட்டது. தம்பி சிலுவை அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அண்ணன் கட்டிய வீட்டைக் காட்டினான். அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொம்மை உயிரோடு இருந்த நாளெல்லாம் அதைத்தான் கட்டினான். அடுக்களைக் கூரை ஒழுக ஒழுக, மச்சுக்கு மேலே வள்ளத்தின் வடிவத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி, அதற்கு நீலமும் மஞ்சளும் அடித்து, முன்மூக்கான அணியத்தில் தன் பேரை எழுதி, பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ்ஸிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்க்கும்படி செய்திருந்தான். அதை இப்போது அண்ணாந்து பார்த்துவிட்டு, "வீட்டு மேல எதுக்கு வள்ளத்த ஏத்தி வச்சிருக்காங்க? வெள்ளம் வருமா?" என்று கேட்டான். சிலுவைக்கு அழுகையே வந்துவிட்டது. கால்பந்தில் ஜெயித்த கோப்பையைக் காட்டினான், கல்யாணப் போட்டோவைக் காட்டினான், அவன் இல்லாமல் கரையொதுங்கிய வள்ளத்தைக் காட்டினான். தொம்மை எல்லாவற்றையும் கண்காட்சிக்கு வந்தவனைப்போல மரியாதையாகப் பார்த்து, "நல்லாருக்கு" என்றான்.

ஆனால் வழியில் ஒரு சொறிநாயைப் பார்த்ததும் உட்கார்ந்து, "ஏ, உங்கால் சரியாயிட்டா?" என்று கேட்டான். எப்போதோ அதன் காலில் குத்தியிருந்த தூண்டில் முள்ளை அவன்தான் எடுத்துவிட்டிருக்கிறான். கருப்பட்டி விற்க வரும் பேச்சியம்மாளைக் கண்டு, "அன்னைக்கு மழையில ஓலைப்பெட்டி நனையாம வீடு போய்ச் சேந்தீங்களா?" என்றான். அவன் பெட்டியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு அவளோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தது அவளுக்கே மறந்துபோயிருந்தது. தன் வலையை அறுத்தவன் என்று முன்பு ஊர் முழுக்கத் தான் திட்டிக்கொண்டு திரிந்த கஸ்பாரைக் கண்டதும், வலை அறுந்த சண்டை ஒன்றும் தெரியாமல், புயலில் தான் கயிறு வீசியதையும் கஸ்பார் அதைப் பிடித்ததையும் மட்டும் சொல்லி, "கையி ரொம்ப எரிஞ்சுதுல்லா?" என்று கேட்டான். கஸ்பார் உள்ளங்கையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். செத்துப்போன தன் தாயின் பேர் தொம்மைக்குத் தெரியவில்லை. ஆனால் காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குக் கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்த ஒரு கையைத் தெரிந்திருந்தது.

அன்போடு கொடுத்ததும் அன்போடு வாங்கியதும் மட்டும்தான் அவனோடு அந்தப் பக்கம் போயிருக்கிறது, மற்றதெல்லாம் கரையிலேயே நின்றுவிட்டது என்பது எங்களுக்குப் புரிந்தது. புரிந்ததும் நாங்கள் செய்த காரியம் இருக்கிறதே, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பரீட்சைக்கு முந்தின நாள் வினாத்தாள் கிடைத்த பிள்ளைகளைப்போல ஆகிவிட்டோம். சம்மனசுத்துறையில் ஒருவரையொருவர் விடாமல் துரத்தித் துரத்தி நன்மை செய்ய ஆரம்பித்தோம். எங்களில் ஒருத்தி மெற்றில்டா வறுத்துக் கொடுத்த ஒரு தட்டு சாளைமீன், வாங்கிய வீட்டார் அதைவிடப் பெரிய நன்மையாக அடுத்த வீட்டுக்குக் கொடுக்க, அவர்கள் அதற்கடுத்த வீட்டுக்குக் கொடுக்க, ஊரைச் சுற்றிச் சாயங்காலம் மெற்றில்டாவின் வாசலுக்கே ஆறிப்போய் வந்து சேர்ந்தது. காற்றே இல்லாத கடலில் வள்ளத்துக்கு வள்ளம் கயிறு வீசிக்கொண்டதில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. தெருநாய்களுக்கு நடக்க முடியாத அளவுக்கு வயிறு முட்டியது. வெளியூரிலிருந்து வந்த ஒரு பிச்சைக்காரர், எங்கள் உபசாரம் தாங்காமல் மதியத்துக்குள் ஓடிவிட்டார்.

நன்மை செய்தவர்கள் எல்லாம் அப்படியே கொட்டகைக்குப் போய்த் தொம்மையிடம் அதைச் சொல்லிவைத்தார்கள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொள்வான். அடுத்த நாள் காலையில் "நேத்து நான் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?" என்று போய்க் கேட்டால், அவன் முகத்தில் ஒன்றும் இருக்காது. ஒன்றுகூட ஒட்டவில்லை. ஆனால் சிலுவை, எதையோ தேடிக்கொண்டு அவசரமாகப் போகிற வழியில், விழுந்து அழுத யார் வீட்டுப் பிள்ளையையோ தூக்கி மண்ணைத் தட்டிவிட்டு, யார் பிள்ளை என்றுகூடப் பார்க்காமல் போயிருக்கிறான். யாரும் சொல்லாமலே அதை மட்டும் தொம்மை ஒவ்வொரு காலையும் சொன்னான். சிலுவைக்கு அப்படி ஒன்று நடந்ததே நினைவில்லை. அதற்குப் பிறகு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது, நாய்களும் இளைத்தன.

இதிலெல்லாம் சேராமல் தன் வீட்டுக்குள்ளேயே இருந்தவள் பிரகாசி ஒருத்திதான். நாயைத் தெரிந்தவனுக்கு, கருப்பட்டிக்காரியைத் தெரிந்தவனுக்கு, தாலி கட்டின பெண்டாட்டியைத் தெரியவில்லை. தெருவில் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று, "போங்கம்மா" என்று வழி விட்டான். அப்படியானால் அத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒரு வாய்ச் சோறுகூட இவள் அன்பாகப் போடவில்லையா என்று குழாயடியில் நாங்கள்தான் பேசினோம். அவள் காதில் விழும் என்று தெரிந்தும் பேசினோம்.

பிரகாசியின் கை உப்பு அதிகமான கை. ஊரறிந்த விஷயம் அது. குழம்பானாலும் கஞ்சியானாலும் ஒரு சிட்டிகை கூடத்தான் விழும். ஒவ்வொரு நாளும் முதல் வாயிலேயே தொம்மை அதைச் சொல்லுவான், ஒவ்வொரு நாளும் அவள் "நாளைக்குக் கொறைச்சுப் போடுதேன்" என்பாள், மறுநாளும் அதே உப்புதான் இருக்கும், அவனும் அதைச் சொல்லிக்கொண்டே தட்டை வழித்துத் தின்றுவிட்டுப் போவான். பக்கத்து வீடுகளில் அதைக் கேட்டுத்தான் நாங்கள் நேரம் பார்ப்போம். பிற்பாடு அந்தத் தொட்டி வந்தது. அடுக்களை ஒழுகுகிறது என்று அவளும், ஊர் பார்க்கிறது என்று அவனும் பேசிப் பேசி, வீட்டில் சண்டை தவிர வேறு சத்தம் இல்லாமல் போனது. கடைசி நாள் விடியற்காலையில், தொட்டிக்கு இன்னொரு பூச்சு அடிக்க வேண்டும் என்று அவன் சொல்ல, "அந்தத் தொட்டியிலயே போய் மீன் பிடிங்க" என்று அவள் பழைய சோற்றுச் சட்டியை முற்றத்து மணலில் காக்கைக்குக் கவிழ்த்தாள். அவன் வெறும் வயிற்றோடு துடுப்பை எடுத்துக்கொண்டு போனான். அன்றைக்குத்தான் காற்று மாறியது.

அதிலிருந்து மாதா மாதம் அவள் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் முழங்காலிட்டு அதையே சொல்லி வந்தாள். ஆண்டவர் எப்பவோ மன்னிச்சிட்டாரும்மா என்று சாமியாரும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "ஆண்டவர் மன்னிச்சிட்டார், சரி சாமி. ஆனா பசியோட போனது ஆண்டவர் இல்லையே" என்பாள் பிரகாசி. இப்போது பசியோடு போனவனே வந்திருக்கிறான். கேட்டால் ஒரு வார்த்தை சொல்லிவிடுவான். ஆனால் மன்னிக்க வேண்டுமானால் அது அவனுக்கு ஞாபகம் இருக்க வேண்டுமே. மாதம் முடியப் போகிறது என்று நாங்கள் விரல் மடக்க ஆரம்பித்த ஒரு மத்தியானம், அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். தொம்மை வலை பின்ன மறந்துபோன கையோடு, நூலைச் சும்மா உருண்டை சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள். "உங்களுக்குத் தெரியாத ஆளுகளப் பத்தித்தான்."

"உக்காருங்கம்மா. சொல்லுங்க."

அவள் சொன்னாள். தொட்டியைச் சொன்னாள், ஒழுகின கூரையைச் சொன்னாள், சட்டியைச் சொன்னாள், காக்கைகள் இறங்கி வந்ததைச் சொன்னாள். அழாமல்தான் சொன்னாள். வலைக்குப் பின்னால் நின்று கேட்ட நாங்கள்தான் மூக்கைச் சிந்தினோம். தொம்மை நூலைச் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அந்தாளு திரும்பி வரலியா?"

"வரல."

"பாவம்" என்றான் தொம்மை. "அந்தப் பொம்பளையும் பாவம். அன்னையிலருந்து கையில சட்டியோட நின்னுக்கிட்டே இருக்காளே. கால் வலிக்காதா?"

பிரகாசி எழுந்து போய்விட்டாள். அது மன்னிப்பா இல்லையா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. இல்லை என்றே பெரும்பாலானவர்கள் சொன்னோம். யாரோ ஒரு பெண்ணுக்காக அவன் இரக்கப்பட்டான், அவ்வளவுதான், அதில் இவளுக்கு என்ன இருக்கிறது?

நவம்பர் கடைசி நாள் காலைப் பூசை முடிந்து, தொம்மை எல்லாரிடமும் கும்பிட்டு விடைபெற்றான். நாங்கள் எல்லாரும் கரைக்கு வழியனுப்பக் கிளம்பினோம். அவனோ கரைக்குப் போகிற தெருவை விட்டுவிட்டு, நீலமும் மஞ்சளுமாக வள்ளம் ஏறி நின்ற வீட்டுப் பக்கம் திரும்பினான். வாசலில் நின்று, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, அது என்னவென்று தனக்கே புரியாதவனாக, "அம்மா, பசிக்குது" என்றான்.

பிரகாசி உள்ளேயிருந்து வந்து பார்த்தாள். அவன் முகத்தில் அப்போதும் அவள் இல்லை. நாங்கள் அத்தனை பேரும் தெருவை அடைத்து நிற்பதையும் பார்த்தாள். "வாங்க" என்று அவனை முற்றத்துக்குள் கூப்பிட்டுவிட்டுப் படலைச் சாத்தினாள். சாத்தினால் என்ன, சுற்றுச்சுவர் இடுப்பளவுதான். எங்கள் தலைகள் எல்லாம் சுவருக்கு மேலேதான் இருந்தன.

விருந்து ஒன்றும் அவள் சமைக்கவில்லை, அதற்கு நேரமும் இல்லை. முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றியிருந்ததைப் பிழிந்து தட்டில் வைத்தாள். அடுப்பில் ஒரு கருவாட்டைச் சுட்டாள். உப்புச் சாடிக்குள் கையை விட்டு, பார்க்காமலே அள்ளி, சோற்றில் போட்டுப் பிசைந்தாள். ஐயோ, இன்றைக்காவது பார்த்துப் போடக் கூடாதா என்று சுவருக்கு இந்தப் பக்கம் மெற்றில்டா முணுமுணுத்தாள். ஆனால் அவளைப் பார்க்கும்போது ஞாபகம் வர வேண்டும் என்றோ மன்னிக்க வேண்டும் என்றோ போடுகிறவளாக அவள் தெரியவில்லை. வாசலில் ஒருவன் பசி என்று வந்தான், வீட்டில் சோறு இருந்தது, அவ்வளவுதான் அவள் முகத்தில் இருந்தது. மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தவன் முன்னால் தட்டை வைத்து, நீராகாரச் செம்பைப் பக்கத்தில் வைத்து, காக்கைகளை "சூ" என்று விரட்டினாள்.

தொம்மை ஒரு வாய் எடுத்து வாயில் வைத்தான். மென்றான். மெல்லுவது நின்றது. கை சோற்றிலேயே இருக்க, தலையை நிமிர்த்தாமல், ஊரெல்லாம் நேரம் பார்த்த அந்தப் பழைய அலுத்துக்கொண்ட குரலில் சொன்னான்:

"ஏட்டி, உப்பு கொஞ்சம் கூட."

பிரகாசி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டாள். சுவருக்கு மேலே இருந்த தலைகளில் ஒன்றும் அசையவில்லை.

"நாளைக்குக் கொறைச்சுப் போடுதேன்" என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டு, கருவாட்டைப் பிய்த்துக்கொண்டு, தட்டை வழித்து, விரலைக்கூட நக்கி, நீராகாரத்தையும் அண்ணாந்து குடித்து முடித்தான். கையை அவள் முந்தானையில் துடைத்தான். எங்கள் முன்னால், பட்டப்பகலில், கொஞ்சமும் கூச்சமில்லாமல் துடைத்தான். பிறகு எழுந்து கடலுக்கு நடந்தான். நாங்கள் பின்னாலேயே போனோம். அவள் போகவில்லை, மணலிலேயே கால்களை நீட்டி உட்கார்ந்தாள். கரையில் தண்ணீர் அவன் இடுப்பளவு வந்தது, தோளளவு வந்தது, அப்புறம் வெறும் தண்ணீர்தான் இருந்தது. நாங்கள் திரும்பி வந்தபோதும் அவள் அப்படியே கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், வெறும் தட்டு மடியில் இருந்தது.

அதற்குப் பிறகு ஊரில் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. சண்டைகள் திரும்ப ஆரம்பித்தன. கஸ்பார் மட்டும் யார் வலையையும் அறுப்பதில்லை. தண்ணீர்த் தொட்டியின் நீலம் உப்புக் காற்றில் உரிந்து, அதில் எழுதியிருந்த பேரும் போய்விட்டது. பிரகாசி அதைக் கண்டுகொள்ளாமல், அடுக்களைக் கூரையை மட்டும் கொழுந்தன் சிலுவையை விட்டுச் சரி செய்துகொண்டாள். பாவசங்கீர்த்தனத்தில் அவள் அந்தச் சட்டியைப் பற்றிப் பேசுவதில்லை என்று எங்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், இப்போதெல்லாம் அவள் சீக்கிரம் எழுந்து வந்துவிடுகிறாள்.

கோயில் திருநாளுக்கு ஊர்ப் பொதுச் சோறு ஆக்கும்போது அவளும் ஒரு பானைக்கு நின்றாள். அந்தப் பானைச் சோற்றை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை. மெற்றில்டா பொறுக்க மாட்டாமல், "இத்தன வருசமாச்சு பிரகாசி, இன்னுமா உப்பக் கொறைக்கத் தெரியல?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றாள் பிரகாசி, துடுப்புக் கட்டையால் பானையைக் கிண்டிக்கொண்டே. "ஆனா வர்றவருக்கு வழி தெரியணும்லா."